வம்சாவளியும் கல்வியே



மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் கோயிலில் வாசிக்கப்படும்போது நம்மவருள் பலர் பொறுமை இழப்பதுண்டு. பெயருக்குப் பின் பெயராக வரும் அவ்வரிசை எதற்கு என்று பிள்ளைகளும் கேட்பதுண்டு. யூத மக்களுக்கோ வம்சாவளி உயிர்நாடியாக இருந்து வந்துள்ளது. பாபிலோனிய அடிமைத்தனத்தினின்று திரும்பிய குருகுலக் குடும்பங்களுள் சில, தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடியும் காணாமற்போகவே, குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டன என்று எஸ்ராவின் நூல் இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். எகிப்திலும் பாபிலோனிலும் வாழ்ந்த குருகுலத்தார் தம் திருமண விவரங்களை எருசலேமுக்கு எழுதி அனுப்பினர் என்று, முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான யோசேபுஸ் கூறுகின்றார்.

இம்மக்களின் வம்சாவளி ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகக் கல்வித் துறையாக வளர்க்க வேண்டும் என்னும் நோக்கத்துடன், 2006ஆம் ஆண்டில் எருசலேமில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இம்முயற்சி நம் ஆதரவுக்கு உரியது என்பதே நாம் கூற விரும்புவது.

பாட்டனார் பெயரை அறிவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று சிலர் வினவலாம். போலந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். நெப்போலியன் காலத்துச் சட்டப்படி 1808 முதல் 1825 வரை, அந்நாட்டின் பெரும்பகுதியில் கத்தோலிக்கப் பங்குக் குருக்களே அரசின் பிறப்பு இறப்புப் பதிவாளர்கள். யூதக் குழந்தையின் பிறப்பையும் அவர்களே எழுதினர். 1826 முதல் மதந்தோறும் தனி ஏடுகள் வந்தன. 1868இல் ருசிய ஆட்சி பதிவு மொழியைப் போலிஷிலிருந்து ருசிய மொழிக்கு மாற்றியது. ஆகவே ஒரே ஊரில் வாழ்ந்த பாட்டனாரின் பிறப்பு ஒரு மொழியிலும் பேரனின் பிறப்பு வேறொரு மொழியிலும் வேறோர் எழுத்திலும் இருக்கும். கல்லறைக் கல்லிலோ எபிரேயம் இருக்கும்.

பரம்பரைப் பெயரும் எளிதான வழிகாட்டி அன்று. 'இன்னாரின் மகன்' என்றே அழைக்கப்பட்டு வந்த யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமென்று, ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டது 1787இல்தான். அப்பேரரசின் கலீசியா நாட்டில் பலர் யூத சமய முறைப்படி மட்டும் மணம் செய்து, அரசில் பதியாமல் விட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரால் பதியப்பட்டனர். இதை அறியாதவர், தந்தை வழியென்று எண்ணித் தாய்வழியே சென்றுவிடுவார். அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் தங்கள் பெயரை மாற்றிவிட்டனர் என்று பல குடும்பங்களில் சொல்வதுண்டு. உண்மையில் அவ்வதிகாரிகள், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தவர்களே. குடும்பப் பாசம் மட்டும் உண்மையைக் கண்டுபிடித்துவிடாது. சான்றை எடைபோடும் பயிற்சியும் வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. நாஜிகளால் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். பல ஊர்களில், அழுவதற்கும் ஆளின்றி முழுக் குடும்பங்கள் அழிந்தன. 1953இல் எருசலேமில் சட்டப்படி நிறுவப்பட்ட யாத் வசேம் நினைவகம், உறவினரும் அயலாரும் எழுதிக்கொடுத்த சாட்சித் தாள்களைக்கொண்டும் பிற ஆவணங்களைக்கொண்டும் நாற்பத்தெட்டு லட்சத்திற்கு மேற்பட்ட பெயர்களை மீட்டுள்ளது. ஒருவரைப்பற்றியே பலர் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் எழுதியிருப்பர். ஒருவரை இருவராக எண்ணுவது பிழை. இருவரை ஒருவராக்கிவிட்டாலோ, அவருள் ஒருவர் இரண்டாம் முறையும் அழிக்கப்படுகிறார். இப்பணியில் கவனக்குறைவு சிறு குற்றமன்று.

வம்சாவளி வாளாகவும் பயன்பட்டதே என்பீர்கள். மெய்தான். 1449இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில், யூத வழிவந்த கிறிஸ்தவர்களைப் பதவிகளினின்று விலக்கும் சட்டம் பிறந்தது. 1933க்குப்பின் ஜெர்மனியில் மக்கள் தம் பாட்டன் பாட்டியர் யூதரல்லர் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டவை கிறிஸ்தவக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள்! இறைவனின் பிள்ளைகளை வரவேற்க எழுதப்பட்ட ஏடு, மனிதரைப் பிரித்தொதுக்கும் கருவியாயிற்று. இதை நாம் மறைக்கலாகாது.

ஆனால் இதனாலேயே இவ்வாராய்ச்சி கூடாதென்பது பொருந்தாது. இரத்தத்தின் தூய்மை என்னும் பொய்யை வளர்த்தவர்கள் உண்மையைத் தேடியவர்கள் அல்லர். தங்களுக்கு வேண்டியதை மட்டும் ஏட்டில் தேடியவர்கள். நேர்மையான ஆராய்ச்சியோ, குடும்பங்கள் எத்தனை நாடுகளைக் கடந்தன, எத்தனை மொழிகளைப் பேசின, எப்படிக் கலந்தன என்று காட்டி அப்பொய்யை உடைக்கிறது. எவரும் வினாவெழுப்பிச் சோதிக்கக்கூடிய கல்விக்கூடத்தில் இத்துறை இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

ஆதரவு என்றால் பணம் மட்டுமன்று. பழைய ஏடுகள் உள்ள கோயில்களும் அரசுகளும் அவற்றை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதற்கு ஆசிரியப் பதவிகளை ஏற்படுத்த வேண்டும். போலந்தில் அன்று ஒரு பங்குக் குரு, யூதத் தந்தை சொல்லச் சொல்லத் தம் கையால் எழுதிய ஒரு வரியே, அக்குழந்தை இவ்வுலகில் பிறந்ததற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம். அவ்வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது, இறந்தோர்க்கு நாம் செய்யும் நீதியாகும்.