பிரதி செய்வதும் கல்வியே

புதுமையே கலையின் உயிர் என்னும் கொள்கை நம் காலத்தில் ஆழ வேரூன்றிவிட்டபடியால், முன்னோர் செய்த ஒன்றைப் பார்த்து அவ்வாறே செய்வதைத் தாழ்ந்த காரியமாக எண்ணுவோர் பலராயினர். கைத்தொழில் பயில்வோரைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் பிழையானது என்பதே என் அபிப்பிராயம். அதற்குச் சாட்சி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் போர்வை ஒன்று.

உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1863-ஆம் ஆண்டில், ஷாஃப்ட்ஸ்பரி என்னும் ஊரைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள் என்ற மாது, துண்டுத் துணிகளை இணைத்து 'குயில்ட்' எனப்படும் ஒட்டுப்போர்வை ஒன்றைச் செய்து முடித்து, அதன் மூலையில் யுத்த காலம் என்ற குறிப்பையும், ஆண்டையும், துண்டுகள் 5,602 என்ற கணக்கையும், தம் பெயரையும் பதித்துவைத்தார். வரிசைக்குப் பதின்மூன்றாக 169 சதுரக் கட்டங்கள். ஒவ்வொன்றும் நான்கரை அங்குலம். ஒவ்வொன்றிலும் ஒரு தனிக்கோலம். வெளிச்சம் பட்டால் துணி நலியும் என்பதால், பென்னிங்டன் அருங்காட்சியகம் அதை ஆண்டில் சில வாரங்களே பார்வைக்கு வைக்கிறது. ஆயினும் பிரெண்டா பாபடாகிஸ் என்பவர் அக்கட்டங்களை வரைந்து, 1996-இல் 'டியர் ஜேன்' என்ற நூலாக வெளியிட்ட பின்னர், பல தேசத்துத் தையல் வகுப்புகளுக்கு அப்போர்வையே பாடமாயிற்று.

தானே கோலம் வகுத்துக்கொள்ளும் மாணவி, தனக்குக் கைவராத வளைவைத் தவிர்த்து நேர்கோடுகளோடு நின்றுவிடலாம். பழைய போர்வையோ அந்தச் சலுகையைத் தருவதில்லை. இன்று முக்கோணங்களின் கூர்முனைகளைச் சேர்த்தவள், நாளை வளைவுத் தையலையும், அதன்பின் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையையும் கற்றே தீரவேண்டும். தையலுக்காக ஓரத்தில் விடும் துணி கால் அங்குலம். அது சற்றே கூடி, தையலுக்கு ஒரு வீசம் அங்குலமாகக் குறைந்துகொண்டே போனால், எட்டுத் தையல் கொண்ட கட்டம் அரை அங்குலம் குறுகிப் பக்கத்துக் கட்டத்தோடு பொருந்தாமல் நிற்கும். எத்தனை உபதேசித்தும் மனத்தில் ஏறாத நிதானம், அத்தையலைப் பிரித்து மறுபடி தைக்கையில் விரல்களில் ஏறிவிடுகிறது.

இப்படிப் பயின்றால் கற்பனை மங்கிவிடாதா என்று கேட்கலாம். குருவின் பாடாந்தரத்தை நெடுங்காலம் அப்படியே பாடிப் பழகிய வித்வானுக்கே ராக ஆலாபனையில் மனோதர்மம் தங்குதடையின்றிச் சுரப்பதை அறிந்த நமக்கு இவ்வையம் எழவேண்டியதில்லை. மேலும், கோலம் ஸ்டிக்கிளுடையதாயினும், துணியையும் நிறத்தையும் தேர்வது மாணவியே. ஆதலால் ஒரே வகுப்பில் பிறக்கும் போர்வைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நான் அஞ்சுவது பிரதி செய்வதையன்று, அதைச் சுலபமாக்கித் தருவதையே. அளவெடுத்து வெட்டிய துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி விற்கும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. போர்வை மட்டும் வேண்டுவோர் அவற்றை வாங்கட்டும். தொழில் வேண்டி வந்தவளிடம் ஆசிரியர் முழுத்துணியையும் அளவுகோலையும் கத்தரியையும் கொடுத்து, எளிய கட்டங்களை மட்டும் பொறுக்கவிடாமல், கடினமானவற்றையும் அவள் கையாலேயே வெட்டித் தைக்கச் செய்யவேண்டும். அவ்வாறு முடித்தவள், ஸ்டிக்கிள் செய்ததைப் போலவே தன் பெயரையும் ஆண்டையும் மூலையில் பதிக்க முழு உரிமை உடையவளாவாள்.