மலைக்கு வரும் விருந்தாளிக்கு ஒரு சொல்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ரிங்லெட் தோட்டத்து வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவிராது. ஈப்போவிலிருந்து சித்தப்பா குடும்பம், கிள்ளானிலிருந்து அக்காள் பிள்ளைகள் என்று வந்து இறங்குவார்கள். மறுநாள் காலையிலேயே "மலை ஏறப் போகிறோம்" என்று இளவட்டங்கள் கிளம்பிவிடும். நாமும் சிரித்த முகத்துடன் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பி வைக்கிறோம். அதோடு நம் கடமை தீர்ந்ததா?

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. 7,000 அடிக்கும் மேலான உயரம். 2018 மார்ச் மாதம் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இரு குழுவினர் அங்கே ஏறி, இரவு தங்கினார்கள். பெண்களே அதிகம். 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணியை நோக்கி இறங்கும்போது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. காய்ந்த புல், பலத்த காற்று. திசைக்கொருவராகச் சிதறி ஓடினார்கள். பாதை தவறிப் பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணி ஊர்மக்கள்தாம். அப்படியும் 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். தீ விரலை நோக்கி விரைந்து ஏறும். மலைச்சரிவிலும் அப்படித்தான். கீழிருந்து எழும் அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. அதனால் மேட்டை நோக்கி ஓடித் தீயை முந்துவது அரிது. புல் புதர் நடுவே ஒளியாமல், தீயின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி, ஓடைக்கோ, வெறும் மண்தரைக்கோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ போவதே நல்லது.

"நம் கேமரன் மலை ஈரமான மலையாயிற்றே" என்பீர்கள். உண்மைதான். பிரிஞ்சாங் உச்சியில் மரமெல்லாம் பாசி. ஆனால் சில வாரம் மழை பொய்த்தால் பாதையோரத்து லாலாங் புல் சருகாகிவிடும். அப்போது அணைக்காத சிகரெட் துண்டு ஒன்று போதும்; குப்பைக்கு வைத்த தீயும் போதும். 1997இல் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகை நம் வானத்தை மறைத்ததை மறந்துவிட்டோமா?

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. விதி காகிதத்தில் இருக்கும். மலையைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். எந்தச் சரிவு காய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே விருந்தாளி கிளம்பும்போது கேளுங்கள்: எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள்? தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். புகை கண்டால் திரும்பிவிடச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999 என்று நினைவூட்டுங்கள். நிலைமை சரியில்லை என்றால், "இன்று வேண்டாம் தம்பி" என்று தடுத்து நிறுத்துங்கள். அவர் முகம் கோணலாம், கோணட்டும். மாலையில் அதே முகம் நம் வீட்டு வாசலில் தேநீர் கேட்டு நிற்க வேண்டும் அல்லவா?