நாலு பேர் போக ஒன்று உபரி

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு புதுவீடு மந்திரிப்பு. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பிய பிறகு மொட்டைமாடியில் பந்தி. என் மகளின் மூன்றாவது பிள்ளை, பத்து வயசுப் பையன், மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தான். அவனை யாரும் ஏவவில்லை. வாளி சும்மா இருந்தது, எடுத்துக்கொண்டான். எனக்குக் கொழுந்தன் முறையாகும் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவனை நிறுத்தினார்.

“எந்த ஸ்கூல்ல மக்களே படிக்க?”

“வீட்லதான் படிக்கேன் தாத்தா. மோர் சோத்துலயா, கையிலயா?”

பின்பாதி அவர் காதில் விழவில்லை. எதிர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். துக்க வீட்டில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. “என்ன மைனி இது, நீங்க டீச்சரா இருந்துமா? பிள்ளைங்க நாலு பேரோட பழக வேண்டாமா?”

அந்த மாடியில் அப்போது நூறு பேராவது இருந்திருப்பார்கள். அதில் பாதிப் பேருக்கு அவன் மோர் ஊற்றி முடித்திருந்தான். ஓரத்து இலைப் பாட்டியிடம், “சர்க்கரை உண்டுமா பாட்டி, பாயசத்தை நிறுத்தச் சொல்லவா?” என்று வேறு கேட்டுவிட்டு வந்திருந்தான். இவனுக்குத்தான் பழகத் தெரியாதாம். பழகத் தெரிந்த பிள்ளைகள் எங்கே என்று தேடினால், மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துப் படியில் இருப்பவனுக்கே போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் என் கொழுந்தனின் பேரனும் ஒருவன். “பாட்டிக்கு ஸ்தோத்திரம் சொல்லுடா” என்று அவன் அம்மா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

நாலு பேர் என்பதுதான் கணக்கு என்றால், என் மகளுக்கு ஆறு பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினான்கு, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மோர் வாளிக்காரனைக் கழித்தாலும் ஐந்து மிஞ்சும். நாலு பேர் போக ஒன்று உபரி. வங்கியில் இருந்தவருக்கு இந்தக் கழித்தல் வராமல் போனது எப்படி?

நானும் இதே கேள்வியைக் கேட்டவள்தான், மறைப்பானேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் மகள் பெரியவளை இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தியபோது மூன்று மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 32 வருஷம் சாக்பீஸ் பிடித்த கை இது. அவள் என் பிழைப்பையே பழித்த மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் தனியாக இருக்கும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. வகுப்பை விட்டு வெளியே போகும்போதெல்லாம் நான் லீடரைக் கூப்பிட்டு என்ன சொல்லுவேன்? “பேசுறவங்க பேரை எழுதி வை.” திரும்பி வந்தால் போர்டின் வலது ஓரத்தில் பட்டியல் தயாராக இருக்கும். திரும்பவும் பேசினவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு. அடங்காதவனுக்கு இரண்டு இன்ட்டு. அவனை வெளியே முட்டிபோட வைத்திருக்கிறேன். அவன் செய்த குற்றம், பக்கத்தில் இருந்தவனோடு பழகியது.

இதுதான் பழகக் கற்றுக்கொடுக்கிற இடம்! கையைக் கட்டு, வாயில் விரலை வை, திரும்பிப் பார்க்காதே. ஒரே வருஷத்தில் பிறந்த அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்துவைத்து, பேசக் கூடாது என்று சொல்லி, பதினைந்து நிமிஷம் இன்டர்வெல் விட்டால் அதற்குப் பெயர் பழக்கம். வெளியுலகத்தில் எந்த ரேஷன் கடையில், எந்தக் கல்யாண வீட்டில், எந்தக் கோயிலில் ஒரே வயசுக்காரர்கள் அறுபது பேர் சேர்ந்து நிற்கிறார்கள்? மகள் வீட்டில் பதினான்கு வயசுக்காரி ஒன்றரை வயசுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பத்து வயசுக்காரனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். வாசலில் சாளை கொண்டுவருகிற அம்மாவோடு கூறுக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேசுகிறாள்; போன வாரம் அந்த அம்மாவின் மருமகளுக்குப் பிரசவம் எப்படி ஆனது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

என் கொழுந்தன் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி படம் மாட்டியிருக்கிறது. கையில் சிலுவை, அதை மூடிக்கொண்டு ரோஜாப் பூக்கள். லிசியே நகரத்துக் குழந்தை தெரசாள். நம்மூரில் சிறுமலர் என்போம். ஊருக்கு ஒரு சிறுமலர் பள்ளி, இல்லாவிட்டால் ஒரு லிட்டில் ஃபிளவர் பள்ளி இருக்கிறது. இத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் கொடுத்த அந்தப் பிள்ளை எவ்வளவு காலம் பள்ளிக்கூடம் போனாள் என்று அவரைக் கேளுங்கள், முழிப்பார்.

1873-ல் பிரான்சில் பிறந்தாள். அப்பா கடிகாரம் செய்பவர், அம்மா லேஸ் பின்னித் தொழில் நடத்தியவர். பிறந்தது ஒன்பது பிள்ளைகள், நாலு சிறுசிலேயே போயிற்று, இவள் கடைசி. நாலரை வயசில் அம்மாவும் போய்விட்டாள். எழுத்து, வேதபாடம், முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் எல்லாம் வீட்டிலேயே. டீச்சர் அக்கா போலின். மத்தியானத்துக்கு மேல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடை, வழியில் ஒரு கோயிலில் நற்கருணை சந்திப்பு. எட்டரை வயசில் பெனடிக்ட் சபைச் சகோதரிகளின் பள்ளியில் சேர்த்தார்கள். தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பு, அதில் ஒருத்தி ஓயாமல் சீண்டல். அந்த வருஷங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே சோகமானவை என்று அவளே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறாள். தலைவலி தீராமல் பதிமூன்று வயசில் அப்பா நிறுத்திவிட்டார். மிச்சப் படிப்பு ஒரு அம்மாளிடம் தனியாக. அதாவது நம் சிறுமலர், இன்றைய கணக்கில், எட்டாம் வகுப்பு இடைநின்றவள்.

1925-ல் அவளுக்குப் புனிதர் பட்டம். 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார் இரண்டாம் யோவான் பவுல். அகுஸ்தினாரும் அக்குவினாரும் இருக்கிற வரிசையில் இந்த இடைநின்ற பிள்ளை.

இதைச் சொன்னதும் கொழுந்தன், “அவ பதினஞ்சு வயசுல மடத்துக்குள்ள போனவளாச்சே மைனி, யாரோட பழகினா?” என்றார். நல்ல கேள்விதான். நாலு சுவருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களோடு, வெளியே காலெடுத்து வைக்காமல், ஒன்பது வருஷம் சாகும்வரை இருந்தாள். கொழுந்தனைத் தன் சொந்தத் தம்பியோடு ஒரே வீட்டில் ஒன்பது நாள் இருக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். வரப்புத் தகராறில் பேச்சு நின்று பதினொரு வருஷமாகிறது. அவர் படித்தது ஊரிலேயே பெயர்பெற்ற பள்ளியில். தெரசாளோ தூர தேசத்து மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதி எழுதியே, மடத்தை விட்டு வெளியே போகாமலே, 1927-ல் மறைபரப்பு நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலி ஆனாள். கூடப் பாதுகாவலர் யார்? நம் கோட்டாற்றுச் சவேரியார்!

அவளுக்கு முன் மறைவல்லுநர் பட்டம் பெற்ற சியன்னாக் கத்தரீனாளும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. சாயக்காரர் வீட்டில் இருபதுக்கும் மேலான பிள்ளைகளில் ஒருத்தி. அவிஞ்ஞோனில் உட்கார்ந்திருந்த பாப்பரசரை ரோமாபுரிக்குத் திரும்பி வா என்று நேரில் போய் வற்புறுத்தியவள் அவள். நாலு பேரோடு பழகத் தெரியாதவள்!

என் மகள் வீட்டில் யாரும் புனிதர் ஆகிவிடவில்லை. ஏழு மணிக்குச் செபமாலை நேரத்தில் வந்து பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் துக்க தேவ இரகசியம். அதில் நாலாவதை, இயேசு சிலுவை சுமப்பதை, யார் சொல்வது என்று இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் வாரம் இரண்டு நாள் தவறாமல் சண்டை. ஐந்து வயசுக்காரன் விரல்விட்டு எண்ணுகிறான். அவன் கணக்கில் ஏழுக்கு அடுத்தது பத்து, ஆகவே அவன் சொல்லும் பத்துமணி எப்போதும் எட்டோடு முடிந்துவிடும். கடைக்குட்டி பாடுபட்ட சுரூபத்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கும். மூன்றாவது இரகசியத்தில் பால் பொங்கும். மகள் ‘ஆமென்’ சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடுவாள், பெரியவள் குரல் மாறாமல் அடுத்த ‘அருள்நிறைந்த மரியே’யை எடுத்துக்கொள்வாள். பிரார்த்தனை முடியும்போது ஏழு வயசுக்காரி தூங்கியிருப்பாள். அவளைத் தூக்கிப் போடும்போது நெற்றியில் ஒரு சிலுவை.

பரீட்சை என்ன ஆகும் என்று அடுத்து கேட்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று மத்திய அரசு 1989-லிருந்து நடத்துகிறது. பதினான்கு வயசு முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம் போதும், ஐந்து வருஷத்தில் ஒன்பது தடவை எழுத வாய்ப்பு. பெரியவள் பதிந்துவிட்டாள். இதைச் சொன்னால், “அது பெயிலானவங்க எழுதுறதில்லியா?” என்று ஒரு இளிப்பு. பெயிலானவர்களை உண்டாக்கியது யார், வீட்டில் இருக்கும் அம்மாக்களா? கல்வி உரிமைச் சட்டம் இருக்கே என்று சட்டம் பேசுபவர்களும் உண்டு. 2009-ல் வந்த அந்தச் சட்டம் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறதே ஒழிய, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்த பிள்ளைக்குப் படிப்பு வருகிறதா என்று இவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால், இவர்களுக்கு உறுத்துவது வீட்டுப் படிப்பே இல்லை, ஆறு என்கிற எண்தான். ஆறாவது பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே! ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், பிள்ளையின் எடையை எழுதுவதற்கு முன்னாலேயே, “ஆபரேஷன் பண்ணிக்கிடலியா?” என்று மகளை வார்டுக்கே கேட்கும்படி கேட்டாள். ஆட்டோக்காரர் தலையை எண்ணுகிறார். கோயிலில் கடைக்குட்டி அழுதால் முன்வரிசை மொத்தமும் திரும்புகிறது. பிரசங்கத்தில் மைக் கீச்சிட்டால் ஒருவரும் திரும்புவதில்லை. கொழுந்தன் இதற்கும் ஒரு ஆதாரம் வைத்திருக்கிறார்: “பாப்பரசரே முயல் மாதிரி வேண்டாம்னு சொல்லிட்டாரே!” சொன்னார் அப்போதைய பாப்பரசர், 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில். பிலிப்பைன்ஸில் பிள்ளைகள் நிறைந்த குடும்பங்களைப் பார்த்தது ஆறுதலாக இருந்தது என்று அதே வாரத்தில் சொன்னவரும் அவர்தான். அது கொழுந்தனுக்கு வாட்ஸ்அப்பில் வரவில்லை. அதே வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி அதே பாப்பரசர் ஒரு கணவனையும் மனைவியையும் ஒன்றாகப் புனிதர்களாக்கினார். யாரை? கடிகாரக்காரரையும் லேஸ்காரியையும். ஒன்பது பிள்ளை பெற்றவர்களை. சிறுமலரின் அப்பா அம்மாவை!

வேதபாடக் கதை தனி. ஞாயிறு மறைக்கல்வியில் இப்போது காலாண்டு, அரையாண்டு, ரேங்க் கார்டு எல்லாம் உண்டு. விசுவாசப் பிரமாணத்துக்குப் பத்துக்கு ஆறரை மார்க் வாங்கிய பிள்ளையை நானே பார்த்தேன்; எந்த வரியை அரை மார்க்குக்கு நம்பினதோ தெரியாது. பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவிட்டது. மகள் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் ஒரு சாமியாரிடம் காட்டினாள். “அது சரிம்மா, அட்டெண்டன்ஸ் வேணும்லா” என்றார் அவர். நம் மண்ணின் தேவசகாயம் பிள்ளை எந்த வகுப்பில் அட்டெண்டன்ஸ் கொடுத்தார்? வீட்டில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் என்கிற டச்சுப் படைக்காரர், குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் வேலை பார்த்தவர், யோபுவின் கதையைச் சொன்னார். இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். 1745-ல் ஞானஸ்நானம், 1752-ல் ஆரல்வாய்மொழி மலையில் துப்பாக்கிக் குண்டு, 2022-ல் புனிதர் பட்டம். ரேங்க் கார்டு கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள்.

அக்டோபர் 1 சிறுமலர் திருநாள். இந்த வருஷம் ஒரு பள்ளியில் பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கம்போல ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கன்னியாஸ்திரி உடுப்புப் போட்டு, கையில் பிளாஸ்டிக் ரோஜாவைக் கொடுத்து மேடையில் நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் பதிமூன்று வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். நேற்று போனில் சிஸ்டர், “அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிருங்க டீச்சர், பிள்ளைங்க வெயில்ல நிப்பாங்க” என்றார். சத்தம் வராதா என்று கேட்டேன். வராதாம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு லீடர் போட்டிருக்கிறார்களாம், பேசுகிறவர்கள் பெயரை எழுத.