கண்முன் உள்ள கதை

கதை ஒன்று எழுதுக என்று ஆசிரியர் கூறியதும் மாணவர் பலர் என்ன செய்கின்றனர்? அரசனையும் அரண்மனையையும் தேடுகின்றனர். அன்றேல், தாம் கண்டறியாத பெருநகரம் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்குகின்றனர். தம் வீட்டு வாயிலில் நிற்கும் வேப்பமரமும், களத்தில் அமர்ந்து பேசும் அப்புச்சியும் எழுத்துக்குரிய பொருள்கள் அல்ல என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து. கற்பனை என்பது இல்லாததைப் புனையும் ஆற்றல் மட்டுமன்று. கண்முன் உள்ளதன் உள்ளே புகுந்து காணும் ஆற்றலும் ஆகும்.

இதற்குக் கொங்கு நாடே சான்று தருகின்றது. தாராபுரம் பகுதியைச் சேர்ந்த கீரனூரில் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவர் இயற்றிய 'நாகம்மாள்' என்னும் புதினம் 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைவி அரசியும் அல்லள், வீராங்கனையும் அல்லள். கணவனை இழந்த ஓர் உழவர்குடிப் பெண். கொழுந்தன் குடும்பத்தோடு வாழும் அவள், நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கிறாள். ஓர் ஊர், ஒரு வீடு, சிறிது நிலம்; கதைக்களம் இவ்வளவே. ஆயினும் உரிமை வேட்கையும், உறவின் முறிவும், பிறர் தூண்டுதலால் விளையும் கேடும் அச்சிறு களத்தில் வந்து மோதுகின்றன. அவளைத் தெய்வமாக்காமலும், தீயவள் என ஒதுக்காமலும், அவள் நெஞ்சில் நின்று உலகைப் பார்த்தார் ஆசிரியர். அதுவே உண்மையான கற்பனை. தமிழின் முதல் வட்டாரப் புதினம் என்று திறனாய்வாளர் பலர் அந்நூலைப் போற்றுவர்.

"ஊர்ப்பேச்சை நூலில் எழுதலாமா? பிற மாவட்டத்தார்க்கு அது விளங்குமா?" என வினவுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. வட்டாரச் சொற்களை அளவின்றிப் பெய்தால் படிப்பவர் மயங்குவர். ஆயின், ஆசிரியர் கூற்றைப் பொதுத்தமிழிலும், மாந்தர் உரையாடலை அவர்தம் பேச்சிலும் அமைத்தால் இடர்ப்பாடு இல்லை. 'ஏனுங்க' என்னும் விளியில் உள்ள பணிவையும், தாயின் தந்தையை 'அப்புச்சி' என அழைப்பதில் உள்ள அன்பையும் வேறு எச்சொல்லால் உணர்த்துவது? எழுத்தாளர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்துள்ளார். நாம் நாணி மறைக்கும் சொற்கள், அறிஞர் தேடித் தொகுக்கும் செல்வமாக உள்ளன.

அங்ஙனமாயின், தம் ஊரை மட்டும் அறிந்தால் போதுமோ? போதாது. சண்முகசுந்தரம் வங்கமொழிப் புதினங்கள் பலவற்றைத் தமிழில் தந்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' அவற்றுள் ஒன்று. அதுவும் வங்காளச் சிற்றூர் ஒன்றில் வளரும் சிறுவனின் கதையே. பிறர் ஊரைப் படித்தறிந்தவர்க்குத் தம் ஊரின் தனித்தன்மை தெளிவாகப் புலனாகும். ஆகவே, பரந்து படித்தலும் கூர்ந்து நோக்குதலும் எழுத்தாளனுக்கு இரு கண்கள் எனலாம்.

மாணவர்களே! அடுத்த முறை கதை எழுத அமரும்போது அரண்மனையைச் சிறிது மறந்திருங்கள். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டிலிருந்து மாலையில் மாடு ஓட்டிவரும் சிறுவனைப் பாருங்கள். அவனோடு பேசுங்கள். அவன் எதற்கு மகிழ்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று கேட்டறிந்து எழுதுங்கள். அவனை அறிந்த நீங்களே எழுதாவிடின், வேறு யார் எழுதுவார்?