புதுச்சேரிக்கு எத்துணை விடுதலை நாள்?

ஒரு நாட்டிற்கு விடுதலை நாள் ஒன்றாக இருத்தலே உலக வழக்கு. நம் புதுச்சேரிக்கோ மூன்று உள. ஆகசுட்டு 15-இல் இந்தியாவோடு சேர்ந்து கொடியேற்றுகின்றோம். மறுநாளாகிய 16-இல் கீழூர் நினைவிடத்தில் மாலையிடுகின்றோம். நவம்பர் 1-இல் மீண்டும் கொடியேற்றி, மீண்டும் அணிவகுத்து, 'விடுதலை நாள்' என்று முழங்குகின்றோம். யாம் பாடம் நடத்துங்கால் ஒருநாள் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நமக்கு எந்த நாளில்தான் விடுதலை வந்தது?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. யாம் சிரித்திலேம், ஒரு சொல்லில் விடையிறுக்க எம்மால் இயலாமையே அதற்குக் கரணியம்.

1947 ஆகசுட்டு 15-இல் ஆங்கிலேயன் தில்லியை விட்டு வெளியேறியபோது புதுச்சேரிக் கடற்கரையிற் பறந்தது பிரஞ்சுக்காரனின் கொடியே. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று; ஆயினும் சட்டப்படியான உடைமை மாறிற்றில்லை. பிரஞ்சு நாட்டின் நாடாளுமன்றம் உடன்படிக்கையை ஏற்று, ஓலைகள் மாற்றிக்கொள்ளப்பட்டது 1962 ஆகசுட்டு 16-இல்தான். இம்மூன்று நாள்களுள் எதிலேனும் புதுச்சேரி மக்கள் தம் கையால் ஒரு வாக்கிட்டு, 'எம் ஆட்சி இன்னவாறு அமைக' என்று சொன்னதுண்டா என்பதே சிறுவனின் வினாவிற்குள் மறைந்து கிடக்கும் பெருவினா.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1940 சூனில் செர்மானியர் பாரிசுக்குள் புகுந்தனர். பிறரை அடிமை கொண்டிருந்த பிரஞ்சு நாடு தானே அடிமையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், ஆளுநர் பொன்வேன் தலைமையில் இருந்த புதுச்சேரி, செர்மானியர்க்குப் பணிந்த விசி அரசை உதறி, இலண்டனிலிருந்து போர்முரசு கொட்டிய தெகோலின் பக்கம் நின்றது. நம் இளைஞர் சிலரும் அவர் கொடியின்கீழ்ப் படையிற் சேர்ந்தனர். தன் நாட்டின் விடுதலைக்காகத் தெகோல் கேட்டதைத் தமிழன் தயங்காமற் கொடுத்தான். கைம்மாறாக அவன் பெற்றது என்ன?

1944-இல் ஆப்பிரிக்காவின் பிரசாவில் நகரில் பிரஞ்சு ஆளுநர்கள் கூடி, போருக்குப் பின் குடியேற்ற நாடுகளை எவ்வாறு நடத்துவது என்று ஆராய்ந்தனர். ஆளப்படுவோரின் சார்பாளர் எவரும் அவ்வவையில் இடம்பெற்றிலர். தன்னாட்சி என்பது தொலைவான எதிர்காலத்திலும் அக்குடியேற்றங்களுக்கு வருவதற்கில்லை என்று அவர்கள் எழுதிவைத்தனர். இதில் மொழி பயின்றோர் நோக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. சொல்வளத்திற் செருக்குடைய பிரஞ்சுக்காரர், 'தன்னாட்சி' என்னும் பொருளுக்குத் தம் மொழியில் ஒரு சொல்லும் இடாமல் ஆங்கிலச் சொல்லையே அவ்வறிக்கையில் எடுத்தாண்டனர். கொடுக்க மனமில்லாத பொருளுக்குத் தன்மொழியிற் பெயரிடவும் மனம் வராது போலும்! செர்மானியன் வீழ்ந்த 1945 மே 8-ஆம் நாளன்றே, அல்சீரியாவின் செத்தீப் நகரில் விடுதலைக் கொடியுடன் வந்த மக்கள்மீது குண்டுமாரி பொழியத் தொடங்கிற்று. தன் கழுத்திலிருந்த நுகம் இறங்கிய நாளிலேயே பிறன் கழுத்தின் நுகத்தை இறுக்கிய கொடுமை அது.

இந்தோசீனத்திலும் இதே கதைதான். எழுத்தராகவும் காவலராகவும் 'சொல்தா'க்களாகவும் நம்மூரார் பலர் சைகோனுக்குக் கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. அங்குச் சப்பானியர் புகுந்து, 1945-இல் பிரஞ்சு ஆட்சியை முற்றாகத் தூக்கியெறிந்து, பின் தாமும் வீழ்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 2-இல் ஓ சி மின் விடுதலை அறிவித்தார். பிரஞ்சுக்காரர் அதனை ஏலாது படையோடு மீண்டனர். 1954 மே திங்களில் தியன் பியன் பூவில் அவர்கள் தோற்றதற்கும், அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு அகன்றதற்கும் தொடர்பில்லை என்பார் வரலாறு அறியாதார். இரண்டு முடிச்சையும் அவிழ்க்க நேர்ந்தவர் ஒரே தலைமையமைச்சர், மெந்தேசு பிரான்சு.

புதுச்சேரித் தமிழன் உரிமை கேட்கப் போர் முடியும்வரை காத்திருந்தானல்லன். 1936 சூலை 30-இல் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரஞ்சுத் துப்பாக்கிக்கு இரையாயினர். வ. சுப்பையா தலைமையில் நிகழ்ந்த அப்போராட்டத்தின் பயனாக மறு ஆண்டே எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. வாக்குரிமை மட்டும் வெள்ளையர்க்கு ஒரு பட்டியல், நம்மவர்க்கு வேறு பட்டியல் என்றே நெடுங்காலம் கிடந்தது. அதனுள்ளும் ஒரு சூழ்ச்சி: 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படித் தம் குடிவழக்கங்களைத் துறந்து, பிரஞ்சுக் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டோர்க்குத் தனி உயர்வு. பொன்னுத்தம்பி லபோர்த்து ஆனார். செருப்பணிந்து மன்றம் ஏறும் உரிமைக்காகப் பாரிசு வரை வழக்காடி வென்ற வல்லாளர் அவர். அவரே தந்தைவழிப் பெயரை விட்டுத்தான் சமனிலை பெறவேண்டியிருந்தது. பெயரை இழந்து பெறும் உரிமையை உரிமை என்று எழுத எம் கை கூசுகின்றது.

போருக்குப் பின்னரே எல்லார்க்கும் ஒரே பட்டியலில் வாக்கு வந்தது. 1946-இல் சார்பாளர் மன்றம் வந்தது. 1947 ஆகசுட்டில் ஓர் ஆட்சிக்குழுவும் வந்தது. திறவுகோல் மட்டும் ஆளுநர் மடியிலேயே இருந்தது.

1948 சூனில் இந்திய, பிரஞ்சு அரசுகள், எதிர்காலத்தை அவ்வம் மக்களே வாக்கிட்டு முடிவு செய்யட்டும் என்று உடன்பட்டன. அவ்வாறே 1949 சூன் 19-இல் வங்கத்திலுள்ள சந்திரநாகூர் மக்கள் வாக்கிட்டனர். இணைப்பிற்கு 7,473 பேர். எதிராக 114 பேர். தெளிந்த முடிவு! புதுச்சேரியில் அத்தகைய வாக்கெடுப்பு நடந்ததே இல்லை. 1954 மார்ச்சில் எதுவார் குபேரும் நகரவைத் தலைவர்களும் 'வாக்கெடுப்பு வேண்டா, நேரே இணைக' என்று கட்சி மாறினர்; நெட்டப்பாக்கத்தில் இடைக்கால அரசு அமைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 உறுப்பினர் கூடினர். 170 பேர் இணைப்பிற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஏறத்தாழ மூன்று இலக்கம் மக்களின் தலைவிதியை ஒரு கூடத்தில் அடங்கிய 178 பேர் எழுதினர். அவர்களைத் தேர்ந்த தேர்தல்களில் அடியாட்களும் கள்ளவாக்கும் மலிந்திருந்தமையைக் குறைகூறியது இதே இந்திய அரசுதான்!

எம்மைத் தவறாகக் கொள்ளற்க. மக்களைக் கேட்டிருந்தால் அவர்கள் பிரஞ்சுக்காரனை விரும்பியிருப்பார்கள் என்று யாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் அவன் வெளியேறவே விழைந்தனர் என்பதில் எமக்கு ஐயமில்லை. எத்தகைய ஆட்சி வேண்டும், எவ்வளவு அதிகாரத்தோடு வேண்டும் என்ற வினாதான் கேட்கப்படாமலே போயிற்று.

கேட்பதற்கு உறுதி மட்டும் தரப்பட்டது. 1956 மே 28-இல் கைச்சாத்தான உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு, புதுச்சேரியின் ஆட்சிநிலையில் பின்னர்ச் செய்யப்படும் மாற்றம் எதுவும் மக்கள் விருப்பத்தை அறிந்தபின்னரே செய்யப்படும் என்கின்றது. அதே உடன்படிக்கை, மக்களாற் தேர்ந்தெடுக்கப்பட்டோர் வேறு முடிவு செய்யும்வரை பிரஞ்சே ஆட்சிமொழி என்றும் சொல்கின்றது. இரண்டும் எவ்வாறு காக்கப்பட்டன?

1979 சனவரியில் தலைமையமைச்சர் மொரார்சி தேசாய், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் கருத்தை வெளியிட்டார். ஊர் கொந்தளித்தது, கருத்து கைவிடப்பட்டது. அந்நாளில் யாம் பள்ளிச் சிறுவர். தமிழ்நிலம் ஒன்றாதல் நன்றன்றோ, அதை எதிர்த்தவர் தமிழ்ப் பகைவரல்லரோ என்று நம் அன்பர் சிலர் இன்றும் கேட்பர். தமிழ்நிலம் ஒன்றாதல் எமக்கும் கனவே. ஆயினும் தில்லியிலிருந்து ஒருவர் வாய்ச்சொல்லால் இணைப்பதும் பாரிசிலிருந்து ஒருவர் கையெழுத்தால் கைமாற்றுவதும் எமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. தமிழனைக் கேளாமல் தமிழனுக்குச் செய்யும் நன்மையும் ஆண்டான் செய்யும் நன்மையே. காரைக்காலில் வாழ்வோனும் இதில் வாய்திறக்க வேண்டும். மாகியின் மலையாளியையும் ஏனாமின் தெலுங்கரையும் கேட்க வேண்டும்.

இன்றைய நிலை யாது? 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் சட்டமன்றத்திற்கு மக்கள் தேர்வது முப்பதின்மர். அதற்குமேல் மூவரை நடுவண் அரசு அமர்த்தலாம். அமைச்சரவையைக் கேளாமலே அமர்த்தலாம், அமர்த்தப்பட்டோர் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்களிக்கலாம் என்று 2018-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்பிரவரியில் நாராயணசாமி அமைச்சரவை கவிழ்ந்த நாளில் எதிரணியிலிருந்த பதினால்வருள் மூவர் எந்தத் தெருவிலும் எவரிடமும் வாக்குக் கேட்டவரல்லர். ஆளுங்கட்சியார் சிலர் பதவி துறந்ததும் அக்கவிழ்ச்சிக்குக் கரணியமே. அவர்களைக் காக்கும் எண்ணம் எமக்கில்லை. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநர்க்கும் கருத்து வேறுபட்டால் முடிவு தில்லியினது. முடிவு வரும்வரை, விரைந்து செய்யவேண்டியது என்று ஆளுநர் கருதுவதை அவரே செய்யலாம். நிதிக்குழுவின் பங்கீட்டில் மாநிலங்கட்கு உள்ள இடம் நமக்கில்லை. மாநில உரிமை வேண்டிச் சட்டமன்றம் எத்தனையோ முறை தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. எக்கட்சி ஆண்டாலும் நிறைவேற்றும்; எக்கட்சி தில்லியில் ஆண்டாலும் அதனைத் தூசுபடியப் போட்டுவைக்கும்.

சட்டமன்றத் தீர்மானத்தோடு இனி நிற்றல் போதாது. 1956 உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பைக் கையிலெடுத்து, சந்திரநாகூரார் பெற்ற அந்த ஒரு வாக்குச்சீட்டை நமக்கும் தருமாறு கேட்கவேண்டும். மாநிலமா, தமிழ்நாட்டோடு இணைப்பா, இந்நிலையே தொடர்வதா என்று நான்கு பகுதி மக்களும் நேரே சொல்லட்டும்.

மொழிக்கோ தில்லியை எதிர்பார்க்க வேண்டுவதே இல்லை. பிரஞ்சு போன இடத்தில் தமிழ் அமரும் என்று பாவேந்தரைப் போன்றோர் நம்பினர். நாற்பது ஆண்டை அணுகும் காலம் பிரஞ்சு ஆட்சியின் பள்ளிகளில் தமிழாசிரியராய் உழைத்து, 1955-இல் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அவர். 1965-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் வந்தது. ஆங்கிலமும் தொடரலாம் என்று அதில் விட்ட இடுக்கு வழியே ஆங்கிலம் நுழைந்து நடுவீட்டிற் படுத்துக்கொண்டது. 2006-இல் ஊரின் பெயர் 'புதுச்சேரி' என்று திருந்திற்று. அப்பெயர் பொறித்த அலுவலகத்தினுள் ஓர் ஏழைத் தாய் நீட்டும் விண்ணப்பத்திற்கு வரும் விடை ஆங்கிலத்தில் இருக்கின்றது. சட்டம் நம்முடையது, அதனை நடைமுறைப்படுத்தும் அமைச்சர்கள் நாம் தேர்ந்தவர்கள். வரும் நவம்பர் 1-இல் கொடியேற்றும் முதலமைச்சர், அன்று தொடங்கி எல்லாத் துறைக் கோப்பும் தமிழில் எழுதப்படும் என்று ஓர் ஆணை பிறப்பிக்கலாம்.