மருமகள் ஓடலாமா?

மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864ஆம் ஆண்டில் அமைந்த குக்கரஹள்ளி ஏரிக்கரையில் விடியற்காலை உலாவச் செல்லும் அன்பர்கள், அங்கே ஓடிவரும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் ஒருவர் நம் சங்கத்து இல்லமொன்றின் மருமகள். அரை மாரத்தான் எனும், 21 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த ஓட்டத்திற்காக நான்கு திங்களாகப் பயின்று வந்தார். அதனால் அவ்வீட்டில் எழுந்த பூசலைத் தீர்த்துவைக்க என்னை அழைத்திருந்தனர்.

"பெங்களூராயிருந்தால் யார் யாரைக் கவனிக்கிறார்கள்? இங்கே காலையில் ஓடினால் மாலைக்குள் கடைத்தெருவெல்லாம் பேச்சு, தம்பி. அதுவும் போகட்டும், இவ்வளவு தூரம் ஓடினால் கர்ப்பப்பை தாங்குமா?" என்றார் மாமியார்.

ஊர்ப்பேச்சுக்கு என்னிடம் மருந்தில்லை. மற்ற அச்சமோ அந்த அம்மையார்க்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டாரும் அவ்வாறே அஞ்சியிருந்தனர். 1967இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் ஓடியபோது, போட்டி அலுவலர் ஒருவரே இடையில் பாய்ந்து அவர் சட்டையிலிருந்த எண்ணைப் பிடுங்க முனைந்தார். அங்கே மகளிர்க்கு முறையான இடம் கிடைத்தது 1972இல். ஒலிம்பிக் மாரத்தானிலோ 1984இல்தான். ஓட்டத்தால் கர்ப்பப்பை கெடும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சூரியா, 2017இல் டெல்லி அரை மாரத்தானில் இந்திய மகளிருள் முதலாவதாக வந்ததையும் சொன்னேன். அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பிறந்தகம் புதுக்கோட்டைப் பக்கமாம்!

வழக்கு முடிந்ததென்று எழ இருந்தேன். அப்போதுதான் மருமகள் தயங்கித் தயங்கி, "பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருமுறை கண் இருட்டிற்று, அத்தை. சொன்னால் நிறுத்திவிடுவீர்களென்று சொல்லவில்லை" என்றார்.

விசாரித்தால், வெறும் காப்பியோடு ஓடுகிறார், திரும்பியதும் சமையல், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்கிறார். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய மகளிருள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின்; அது குறைந்திருக்க, கால்கள் என்ன பயின்று என்ன பயன்? மகளிர்க்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. சோதித்ததில் இவருக்கு 9 தான் இருந்தது.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, இவ்வாண்டு ஓட்டம் வேண்டாமென்று தடுத்துவிட்டார். அந்தப் பெண் அழுததைக் கண்டு எனக்கே மனம் பொறுக்கவில்லை. நான்கு திங்கள் உழைப்பல்லவா?

சென்ற வாரம் மீண்டும் போயிருந்தேன். மாமியார் முதற்பந்தியில் மருமகளை அமர்த்தி, கீரையும் எலுமிச்சைச் சாறு பிழிந்த பயறும் பரிமாறிக்கொண்டிருந்தார். உணவோடு காப்பி அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சரிவர ஏறாது என்று மருத்துவர் சொன்னாராம். ஆகவே காப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான், எனக்கும் அப்படியே.