வெந்நீர் ஊற்றும் அறிவின் உரிமையும்

கொதிநிலையை நெருங்கும் நீரில் உயிர்கள் வாழ இயலாது என்பது நெடுங்காலம் நிலவிய எண்ணம். 1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீசும் செய்த ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. வெந்நீர் ஊற்றில் அவர்கள் கண்டறிந்த 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்னும் பாக்டீரியா, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செழித்து வளர்வது.

வெப்பம் மிகுந்தால் பெரும்பாலான நொதிகள் உருக்குலைந்து செயலிழக்கும். இப்பாக்டீரியாவின் நொதிகளோ நிலைத்து நிற்கும். இதிலிருந்து பெறப்படும் 'டேக்-1' என்னும் தடைகட்டு நொதி, டி.என்.ஏ. இழையில் டி, சி, ஜி, ஏ என்னும் காரங்கள் அவ்வரிசையில் அமைந்த இடத்தை அறிந்து, 65 டிகிரி வெப்பத்தில் வெட்டுகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவும் 'டேக் பாலிமரேஸ்' நொதியும் இதன் கொடையே. அப்படியெடுக்கும் தொழில்நுட்பத்தின் உரிமை 1991இல் 30 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஊற்றைப் பேணிய பூங்காவுக்கு அதில் பங்கில்லை.

இத்தகைய நிலை சென்னைக்குப் புதிதன்று. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. துணியை நெய்தவை அவ்வூர்த் தறிகள்; அதன் கடல்வாணிகமோ கம்பெனியின் கையில் இருந்தது. இன்று அதே சென்னையில்தான் தேசியப் பல்லுயிர் ஆணையம் இயங்குகிறது. நாட்டின் உயிரிவளத்தை வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் ஆதாயத்தில் நியாயமான பங்கை அளிக்க வேண்டும் என்னும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது அது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் அச்சட்டத்தின் காப்புக்கு உரியவை.

அனுமதி நடைமுறைகள் ஆய்வின் வேகத்தைக் குறைக்கும் என்பர் சிலர். அவ்வாறாயின் நடைமுறையை எளிதாக்குவதே தக்கது. உரிமையைக் கைவிடுவது தக்கதன்று.

எனினும், சட்டம் மட்டுமே போதாது. இமயமலைச் சாரலின் மணிகரண் வெந்நீர் ஊற்றிலிருந்து 'தெர்மஸ் பார்வதியென்சிஸ்' என்னும் புதிய பாக்டீரியாவை இந்திய ஆய்வாளர்கள் 2015இல் உலகிற்கு அறிவித்தனர். இத்தகைய ஆய்வு பெருக வேண்டும். ஊற்று நம்முடையது என்று சொல்வதனால் மட்டும் பயனில்லை. அதில் வாழ்வது எது, அதன் நொதி எதற்கு உதவும் என்று சொல்ல வல்லவர்க்கே உரிமை பயன் தரும். அவ்வல்லமைக்கான முதற்படி பள்ளி ஆய்வகத்தின் நுண்ணோக்கியே.